பயணமும் ஓர் அமானிதமே: சீட் பெல்ட் அணிவோம், உயிர் காப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அனைத்துலகையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

ஆண்டுதோறும் இந்த மேடையிலே தொழுகை, ஜகாத், மதரஸாப் பிள்ளைகளின் கல்வி, வட்டியின் கேடு, வரதட்சணையின் தீமை ஆகியவற்றைப் பற்றிப் பேசி வருகிறோம். அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. இவ்வாண்டு, மூன்று விரல் அகலமே உள்ள ஒரு நாடாவைப் பற்றிப் பேச விழைகிறோம். காரில் ஏறி அமர்ந்ததும் நாம் அணிய வேண்டியதும், பெரும்பாலும் அணியாமல் விட்டுவிடுவதுமான சீட் பெல்ட்டே அந்த நாடா. இது பள்ளிவாசலில் பேசத்தக்க பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்று நம் இமாம்கள் வகுத்துத் தந்திருக்கிறார்கள். உயிரைக் காக்கும் எப்பொருளும் பள்ளிவாசலுக்கு அந்நியமான பொருளன்று.

நம் வாசலில் ஓடும் சாலை

நம் தர்மபுரி மாவட்டத்தை வடக்கு தெற்காக ஊடறுத்துச் செல்கிறது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. முன்னர் 7ஆம் எண் நெடுஞ்சாலை என்று நாம் அழைத்து வந்ததும் அதுவே. நாட்டின் மிக நீண்ட இந்த நெடுஞ்சாலை காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. பெங்களூரிலிருந்து சேலத்திற்கும் அதற்கு அப்பாலும் செல்லும் சரக்கு வாகனங்கள் இரவும் பகலும் நம்மைக் கடந்தே செல்கின்றன. பாலக்கோட்டிலிருந்தோ, காரிமங்கலத்திலிருந்தோ, நல்லம்பள்ளியிலிருந்தோ, பென்னாகரத்திலிருந்தோ, அரூரிலிருந்தோ நம்மவர்கள் வெளியூர் புறப்பட்டால், பெரும்பாலோர் இந்தச் சாலையைத் தொடாமல் செல்ல இயலாது.

இந்தச் சாலையில் தொப்பூர் கணவாயை அறியாதவர் நம்மில் யாரும் இலர். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும்போது, மலைகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் நீண்ட சரிவு அது. பாரம் ஏற்றிய லாரிகள் அந்தச் சரிவிலே வேகம் கூடித் தடுமாறுவதும், டீசல் மிச்சம் பிடிக்க எண்ணி ஓட்டுநர்கள் கியரை நியூட்ரலில் விட்டு இறங்குவதும், தொடர்ந்து பிரேக்கை மிதித்துச் சூடேறியதால் அது பிடிக்காமல் போவதும் அங்கே விபத்துகளுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 2020 டிசம்பர் 12 அன்று அங்கே சரக்கு லாரி ஒன்று முன்னே நின்ற வாகனங்கள் மீது மோதியதில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சிதைந்தன, நால்வர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் வாகனங்கள் அடுத்தடுத்து மோதித் தீப்பற்றியதில் மீண்டும் நால்வர் மாண்டனர். அவ்வாறு மாண்ட ஒவ்வொருவருக்கும் வீட்டிலே காத்திருந்தவர்கள் உண்டு.

கணவாயிலே சாலையைச் சீரமைப்பதும் மேம்பாலம் அமைப்பதும் அரசின் கடமை. லாரியின் பிரேக்கைச் சரியாக வைத்திருப்பது அதன் உரிமையாளரின் கடமை. அவ்விரண்டும் நம் கையில் இல்லை. நம் காரில், நம் கைக்கு எட்டும் தூரத்தில், நம் தோளுக்கு அருகே தொங்கிக்கொண்டிருக்கும் பட்டையை இழுத்து மாட்டுவது நம் கையிலே இருக்கிறது. அதையும் செய்யாமல் இருந்துவிட்டு மற்றவர்களைக் குறை கூறுவதில் பொருளில்லை.

தவக்குலும் தற்காப்பும்

சீட் பெல்ட் அணியுமாறு சொன்னால், "அல்லாஹ் எழுதியபடிதான் நடக்கும்" என்று விடை கூறும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அது உண்மையே, விதியை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. ஆயினும் அந்த நம்பிக்கையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு நடைமுறையில் காட்டித் தந்தார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று வினவியவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனை நம்புமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீ ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அல்லாஹ்வின் உதவி தமக்கு உண்டு என்பதை எவரைக் காட்டிலும் உறுதியாக அறிந்திருந்த நபியவர்கள், உஹதுப் போர்க்களத்திற்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்களை அணிந்து சென்றார்கள். தவக்குலில் அவர்களை விஞ்சியவர் எவரும் இலர். ஆயினும் அவர்கள் கவசமின்றிக் களம் புகவில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் பயணம் மேற்கொண்டபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியிலே செய்தி கிடைத்தது. தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. பட்டை அணியாமல் காரில் அமர்வது ஒரு விதி என்றால், அணிந்து அமர்வதும் அவன் விதித்த விதியே. இரண்டில் எதைத் தேர்ந்துகொள்வது என்னும் பொறுப்பை அவன் நம்மிடம் விட்டிருக்கிறான். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்று அல்குர்ஆன் விலக்கியிருப்பதும் (2:195) இங்கே நினைவுகூரத்தக்கது.

மோதலின்போது நிகழ்வது என்ன?

ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் நமக்கு அது மெதுவான வேகமாகவே தோன்றும். ஆனால் அந்தக் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. காரினுள் இருக்கும் நாமும் அதே வேகத்தில்தான் சென்றுகொண்டிருக்கிறோம். கார் ஒரு லாரியின் பின்புறத்திலோ புளிய மரத்திலோ மோதினால், அதன் முன்பகுதி நசுங்கி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் நின்றுவிடுகிறது. பட்டை அணியாத மனித உடல் நிற்பதில்லை. அது அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்ந்து, ஸ்டியரிங்கிலோ, டேஷ்போர்டிலோ, முன்கண்ணாடியிலோ, முன் இருக்கையின் முதுகிலோ மோதுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி மோதுவது, நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். வேகம் 80 கிலோமீட்டரானால், விழும் உயரம் ஏறத்தாழ 25 மீட்டராக உயர்ந்துவிடுகிறது. கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர், நான்கு மாடியிலிருந்து விழும்போது கையை ஊன்றித் தப்பிக்க முடியுமா என்று சிந்திக்கட்டும்.

சீட் பெல்ட் செய்யும் வேலை இதுதான்: கார் நின்றுவரும் அதே நேரத்தில் நம்மையும் அதனோடு சேர்த்து நிறுத்துகிறது, அப்போது ஏற்படும் அழுத்தத்தை மார்பெலும்பு, தோளெலும்பு, இடுப்பெலும்பு ஆகிய வலிமையான எலும்புகளின் மீது பகிர்ந்தளிக்கிறது, கதவு திறந்து நாம் சாலையில் வீசப்படாமல் காக்கிறது. இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த மூன்று முனைப் பட்டையை 1959-இல் வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின். அவர் பணியாற்றிய வோல்வோ நிறுவனம், உயிர்காக்கும் பொருள் என்பதால் அதன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள விட்டுக்கொடுத்தது. இன்று உலகெங்கும் கார்களில் இருப்பது அந்த அமைப்பே.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, சீட் பெல்ட் அணிவதால் காரில் பயணம் செய்வோர் இறக்கும் அபாயம் 50 விழுக்காடு வரை குறைகிறது. அணியாததால் ஏற்படும் இழப்பை நம் நாட்டின் கணக்கே காட்டுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதிருந்தவர்கள். அதே ஆண்டில் நம் தமிழகத்தில் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்திற்கே.

பின் இருக்கையில் அமர்வோர் யார்?

சீட் பெல்ட் அணியாமல் இறந்த அந்த 16,715 பேரில் ஓட்டுநர்கள் 8,384 பேர்; உடன் பயணம் செய்தோர் 8,331 பேர். ஏறத்தாழச் சரிபாதி. ஓட்டுநர் அணிந்தால் போதும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்னும் எண்ணத்தின் விலை இந்த எண்ணிக்கை.

நம் குடும்பங்கள் காரில் செல்லும் காட்சியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். ஆண்கள் இருவர் முன்னே அமர்கிறோம். மனைவி, தாய், சகோதரி, குழந்தைகள் பின்னே அமர்கிறார்கள். சோதனைச் சாவடியோ, சுங்கச் சாவடியோ, காவலரின் வாகனமோ கண்ணில் பட்டால் முன்னே இருக்கும் நாம் அவசர அவசரமாகப் பட்டையை இழுத்து மாட்டுகிறோம். தாண்டியதும் கழற்றி விடுகிறோம். பின்னே இருப்பவர்களைப் பற்றி எண்ணுவதேயில்லை. பின் இருக்கைக்கு அழகான உறை தைத்துப் போட்டு, பட்டையின் கொக்கிகளை அதற்கடியில் புதைத்து வைத்திருக்கிறோம். ஆக, அபராதத்திற்கு அஞ்சி நம்மை நாம் பாதுகாத்துக்கொள்கிறோம். அல்லாஹ் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த பெண்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பின்றி விடுகிறோம். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பதை ஜும்ஆ உரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த விசாரணை கார் கதவுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை.

பின் இருக்கை பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் இரண்டு நிகழ்ச்சிகளை அறிந்துகொள்ள வேண்டும். 2014 ஜூன் 3 அன்று மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லியின் நகரச் சாலையில், பின் இருக்கையில் பட்டை அணியாமல் சென்றபோது நிகழ்ந்த விபத்தில் உயிரிழந்தார். 2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் மோதியது. காரில் இருந்தவர்கள் நால்வர். முன்னே இருந்த இருவரும் காயங்களோடு உயிர் பிழைத்தனர். பின் இருக்கையில் பட்டை அணியாமல் இருந்த அவரும் மற்றொருவரும் மாண்டனர். உயர்ந்த விலையுள்ள கார், நன்கு அமைந்த நெடுஞ்சாலை, பகல் நேரம் ஆகிய எதுவும் அவர்களைக் காக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பட்டை அணியாமல் பின்னே இருப்பவர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. மோதலின்போது அவருடைய உடல் முழு வேகத்தில் முன் இருக்கையைத் தாக்கி, அங்கே பட்டை அணிந்து அமர்ந்திருப்பவரையும் நசுக்கிவிடுகிறது. பின்னே இருப்போர் பட்டை அணியாதபோது, அணிந்து முன்னே இருப்போர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. அணியாதிருப்பது என் சொந்த விருப்பம் என்று சொல்லுவதற்கு அங்கே இடமில்லை.

முறையாக அணிவது எப்படி?

பட்டையை அணிந்தால் மட்டும் போதாது. முறையாக அணிய வேண்டும். ஒளு செய்யும்போது எவ்வாறு உறுப்புகளை முறைப்படி கழுவுகிறோமோ, அதுபோல இதற்கும் ஒரு முறை உண்டு.

1. முதலில் இருக்கையில் நன்றாகப் பின்னே சாய்ந்து, நிமிர்ந்து அமர வேண்டும். இருக்கையைப் படுக்கை போல் சாய்த்துக்கொண்டு உறங்குகிறவர், மோதலின்போது பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய்விடுவார்.

2. பட்டையை மெதுவாக, முறுக்கு விழாமல் இழுத்து, கொக்கியில் 'கிளிக்' என்னும் ஒலி கேட்கும் வரை பூட்ட வேண்டும். பூட்டியபின் ஒருமுறை இழுத்துச் சரிபார்ப்பது நல்லது.

3. இடுப்புப் பகுதிப் பட்டை வயிற்றின் மீது இருக்கக் கூடாது. தாழ்வாக, இரு பக்க இடுப்பெலும்புகளின் மீது படிந்திருக்க வேண்டும். வயிற்றின் மீது இருந்தால் குடலும் கல்லீரலும் மண்ணீரலும் காயமுறும்.

4. தோள் பகுதிப் பட்டை கழுத்தை உரசாமலும், தோளிலிருந்து நழுவாமலும், தோள்பட்டையின் நடுப்பகுதி வழியாக மார்பின் குறுக்கே வர வேண்டும். பல கார்களில் கதவுத் தூணில் பட்டையின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. கழுத்தை உறுத்துகிறது என்று பட்டையை அக்குளுக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ விடுவது, அணியாமலிருப்பதைப் போன்றே ஆபத்தானது. விலா எலும்புகளை முறிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

5. அணிந்தபின் தொய்வு இல்லாமல் மேல்நோக்கி இழுத்துவிட வேண்டும். புர்கா, சால்வை, குளிர்காலச் சட்டை ஆகியவை மடிப்பு மடிப்பாகப் பட்டைக்கு அடியில் திரண்டிருந்தால் பட்டை உடலைப் பிடிப்பதில்லை. துணியை நீவிச் சமமாக்கிவிட்டு அணிந்தால் போதும். பர்தாவுக்கும் அதனால் எந்த இடையூறும் இல்லை. சட்டைப் பையில் பேனா, செல்போன் ஆகியவை பட்டைக்கு அடியில் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் நன்று.

6. ஒரு பட்டை ஒருவருக்கே. தாயும் குழந்தையும் ஒரே பட்டைக்குள் அமர்ந்தால், மோதலின்போது தாயின் உடலே குழந்தையை நசுக்கிவிடும்.

பட்டையைப் பராமரிப்பதும் அவசியம். வேகமாக வெடுக்கென்று இழுத்தால் அது பிடித்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பழுது பார்க்க வேண்டும். நைந்து நூல் பிரிந்த பட்டையையும், ஒரு பெரிய விபத்தில் அழுத்தம் தாங்கிய பட்டையையும் மாற்றியே ஆக வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சினையும் டயரையும் பார்ப்பதோடு, எல்லா இருக்கைகளின் பட்டைகளையும் பூட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பட்டை தீங்கு செய்யும் என்றெண்ணிக் கர்ப்பிணிகள் அணியாமல் விடுகிறார்கள். மருத்துவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது. கர்ப்பகாலம் முழுவதும் பட்டை அணிய வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றின் மேட்டுக்குக் கீழே, தொடையும் இடுப்பும் சேருமிடத்தில் இருக்க வேண்டும். தோள் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் மீது எதுவும் குறுக்கே செல்லக் கூடாது. தாயின் உயிர் காக்கப்படுவதே பிள்ளையின் உயிருக்கு முதல் பாதுகாப்பு.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று நாம் எண்ணுகிறோம். அன்பின் காரணமாகவே அவ்வாறு செய்கிறோம். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது, 10 கிலோ எடையுள்ள குழந்தை ஏறத்தாழ 140 கிலோ எடைக்கு நிகரான விசையோடு முன்னே பாய்கிறது. 25 கிலோ அரிசி மூட்டைகள் ஐந்துக்கும் மேற்பட்டவற்றைத் திடீரென்று தாங்கிப் பிடிக்க எந்தத் தாயின் கைகளாலும் இயலாது. முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். விபத்தில் வெடித்து விரியும் ஏர்பேக் என்னும் காற்றுப்பை, பெரியவரைக் காப்பதற்காக அமைந்தது. அதன் வேகத்தைச் சிறு குழந்தையின் தலை தாங்காது.

ஆகவே குழந்தைகளுக்கு எப்போதும் பின் இருக்கையே உரிய இடம். கைக்குழந்தைகளுக்குப் பின்னோக்கி அமர்த்தும் இருக்கையும், சற்று வளர்ந்தவர்களுக்கு முன்னோக்கிய குழந்தை இருக்கையும், பள்ளி செல்லும் வயதினருக்கு உயரம் கூட்டும் இருக்கையும் கடைகளில் கிடைக்கின்றன. பெரியவர்களின் பட்டை கழுத்தில் படாமல் தோளில் பொருந்தும் உயரம் வரும் வரை இவை தேவை. பிள்ளையின் அகீகாவுக்கும் பிறந்த வீட்டுச் சீருக்கும் செலவிடுகிற நாம், இந்த ஒரு பொருளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். வாங்க இயலாதவர்கள், உட்கார்ந்து பழகிய பிள்ளைகளைப் பின் இருக்கையில் தனித்தனிப் பட்டையில் அமர்த்துவது மடியில் வைப்பதைவிட மேல். சாமான் வைக்கும் பின்பகுதியில் பிள்ளைகளை ஏற்றுவதை அறவே விட்டுவிட வேண்டும்.

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 138ஆம் விதி, ஓட்டுநரும் முன்னே அமர்பவரும் மட்டுமன்றி, முன்னோக்கிய பின் இருக்கையில் அமர்வோரும் பட்டை அணிய வேண்டும் என்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, அணியாதவருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காமல் அழைத்துச் சென்றாலும் அதே அபராதம் உண்டு.

பட்டை அணியாவிட்டால் கார் எழுப்பும் எச்சரிக்கை ஒலியை நிறுத்த, வெறும் கொக்கியை மட்டும் வாங்கிச் செருகி வைக்கும் வழக்கம் ஒன்று பரவியது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கொக்கிகளை விற்ற ஐந்து இணைய விற்பனை நிறுவனங்கள் மீது ஆணை பிறப்பித்தது. தூங்குபவரை எழுப்பும் பாங்கொலி காதில் விழாதிருக்கப் பஞ்சை அடைத்துக்கொள்வது போன்ற செயல் அது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த எந்தக் காரிலாவது அந்தக் கொக்கி இருந்தால் இன்றே எடுத்து எறிந்துவிடுவோமாக.

சில தவறான எண்ணங்கள்

"கார் தீப்பற்றினாலோ தண்ணீரில் விழுந்தாலோ பட்டையில் சிக்கிக்கொள்வோமே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அத்தகைய விபத்துகள் மிகச் சிலவே. அவற்றிலும், பட்டை அணிந்தவர் தலையில் அடிபட்டு மயங்காமல் நினைவோடு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். நினைவோடு இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றிக்கொண்டு வெளியேறலாம். மயங்கிக் கிடப்பவர் வெளியேற இயலாது.

"காற்றுப்பை இருக்கிறதே" என்பர் வேறு சிலர். காற்றுப்பை பட்டைக்குத் துணையாகவே அமைந்தது; மாற்றாக அன்று. பட்டை அணியாமல் முன்னே பாய்கிறவரின் முகத்தில், விரிந்துகொண்டிருக்கும் பை மிகுந்த வேகத்தோடு மோதி அதுவே காயம் விளைவிக்கும்.

"பக்கத்தூர்தானே, பத்து நிமிடப் பயணம்தானே" என்பது மற்றொரு எண்ணம். விபத்து தூரத்தை அளந்து வருவதில்லை. கடைத்தெருவில் குறுக்கே வரும் இரு சக்கர வாகனமும், இரவில் விளக்கின்றிச் சாலையோரம் நிற்கும் டிராக்டரும் நம் ஊர்ப் பயணத்திலேயே இருக்கின்றன.

பட்டை விபத்தைத் தடுப்பதில்லை. விபத்திலிருந்து நம்மைக் காக்க முயல்கிறது. வேகத்தைக் குறைப்பது, உறக்கம் வந்தால் நிறுத்தி ஓய்வெடுப்பது, ஓட்டும்போது செல்போனைத் தொடாதிருப்பது, கணவாயில் சரியான கியரில் இறங்குவது ஆகியவற்றை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் நம்புவதும் முறையன்று.

ஜமாஅத் செய்யத்தக்கவை

நம் சமுதாயத்தில் நெடும்பயணங்கள் எப்போது நிகழ்கின்றன? நிக்காஹ்வுக்கும் வலீமாவுக்கும் கூட்டமாகச் செல்கிறோம். ஹஜ், உம்ரா செல்வோரை வழியனுப்பவும் வரவேற்கவும் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்கிறோம். மவுத் செய்தி வந்தால், அடக்கம் செய்வதற்குள் மய்யித்தின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்னும் பதற்றத்தோடு கிடைத்த காரில் கிடைத்தபடி ஏறி விரைகிறோம். ஐவர் அமரும் காரில் எண்மர் ஏறுவதும், இரவெல்லாம் விழித்த ஓட்டுநரே விடியற்காலையில் திரும்ப ஓட்டுவதும் இத்தகைய பயணங்களில்தான். ஒரு ஜனாஸாவுக்குச் சென்றவர்களுக்காகவே மற்றொரு ஜனாஸாத் தொழுகை நடத்தும் நிலை எந்த ஊருக்கும் வர வேண்டாம்.

எனவே நிர்வாகக் குழுவின் முன்னும் உங்கள் அனைவர் முன்னும் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவதாக, திருமணப் பதிவுக்காக ஜமாஅத் அலுவலகத்திற்கு வரும் இரு வீட்டாரிடமும், வாடகைக்கு அமர்த்தும் கார்களில் எல்லா இருக்கைகளுக்கும் வேலை செய்யும் பட்டைகள் உள்ளனவா என்று பார்த்து அமர்த்துமாறு எடுத்துச் சொல்லலாம். பட்டைகள் எத்தனையோ அத்தனை பேரே ஏற வேண்டும்.

இரண்டாவதாக, வாடகைக் கார் ஓட்டும் நம் ஜமாஅத் இளைஞர்கள், பின் இருக்கை உறைக்கு அடியில் புதைந்த கொக்கிகளை இந்த வாரமே வெளியே எடுத்து வைக்க வேண்டும். பயணிகள் அனைவரும் அணிந்த பின்னரே வண்டியை நகர்த்துவது என்று அவர்கள் உறுதி கொண்டால், அது அவர்களுக்கு ஸதக்காவாகும்.

மூன்றாவதாக, மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பயண துஆவைக் கற்றுத் தருகிறோம். அதனோடு சேர்த்து, துஆ ஓதுமுன் பட்டையை அணியும் பழக்கத்தையும் கற்பிப்போம். பிள்ளைகள் வீட்டிலே நினைவூட்டினால் பெரியவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நான்காவதாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில், விபரம் அறிந்த ஒருவரைக் கொண்டு கார் ஒன்றில் பட்டை அணியும் முறையைச் செய்து காட்டச் செய்யலாம். பெண்களுக்குத் தனியே ஏற்பாடு செய்வது மிக அவசியம். பின் இருக்கையில் அமர்வோர் அவர்களே. குழந்தைகளை வைத்திருப்போரும் அவர்களே.

ஐந்தாவதாக, விபத்தைக் கண்டால் ஒதுங்கிச் செல்லாமல் 108-ஐ அழைக்க வேண்டும். உதவி செய்வோரைக் காவல்துறையோ மருத்துவமனையோ தொல்லைப்படுத்தாதிருக்க 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில் பாதுகாப்பு அளிக்கப்பட்டுள்ளது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. இவற்றை அறிந்து வைத்திருப்பது ஓர் உயிரைக் காக்க உதவும். ஓர் உயிரை வாழவைப்பது மனித இனம் முழுவதையும் வாழவைத்ததற்கு ஒப்பாகும் என்னும் குர்ஆனின் போதனையை (5:32) நாம் அறிவோம்.

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! பட்டையை இழுத்து மாட்ட ஆகும் நேரம் மூன்று நொடிகள், செலவு ஒன்றுமில்லை. இன்று இக்கூட்டம் முடிந்து காரில் திரும்புவோர் உண்டு. வண்டியை இயக்குமுன் ஒருமுறை பின்னே திரும்பிப் பார்ப்போம். தாய் அணிந்திருக்கிறாரா, மனைவி அணிந்திருக்கிறாரா, பிள்ளைகள் அணிந்திருக்கிறார்களா என்று கேட்போம். அதன்பின் பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டோம், இனி நம்புவதற்கு அல்லாஹ் இருக்கிறான்.

வல்ல நாயன் நம் பயணங்களை எளிதாக்குவானாக! நம் குடும்பத்தாரைச் சாலையின் தீங்குகளிலிருந்து பாதுகாப்பானாக! விபத்துகளில் உற்றாரை இழந்தோருக்குப் பொறுமையையும், மறைந்தோருக்கு மன்னிப்பையும் அருள்வானாக! ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் நல்லோர் கூட்டத்தில் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.